காணும் கண்ணும் கணக்கிடும் கணினியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பில் உயர்தர மாணவர்களுக்குப் புள்ளிவிபரவியல் கற்பித்து வருகிறேன். மாலை வேளைகளில் கமக்கார அமைப்புகளின் செயலாளர்களுக்கும் கூட்டுறவுச் சங்க ஊழியர்களுக்கும் கணினியில் தரவுகளைக் கையாளும் முறையைச் சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்பு முடிந்து கதவைச் சாத்தும் வேளையில் யாராவது ஒருவர் தயங்கி நின்று கேட்கும் கேள்வி, எந்த வடிவில் வந்தாலும், பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது: கணினியே எல்லாவற்றையும் ஆராய்ந்து சொல்லிவிடுமென்றால், நாம் வயலுக்கும் வாவிக்கும் போய் ஏன் பார்க்க வேண்டும்? அந்தக் கேள்விக்கும் அதிலிருந்து கிளைத்த கேள்விகளுக்கும் நான் அளித்த விடைகளை இங்கே ஒழுங்குபடுத்தி எழுதியிருக்கிறேன்.

அவதானிப்புக்கும் தரவுப் பகுப்பாய்வுக்கும் அடிப்படை வேறுபாடு என்ன?

எதைப் பார்ப்பது என்று இன்னும் முடிவாகாத நிலையில் நிகழ்வது அவதானிப்பு. எதைப் பார்ப்பது என்று யாரோ முடிவு செய்து, அதற்கு ஒரு நிரலும் தலைப்பும் போட்டுவைத்த பின்னர் தொடங்குவது தரவுப் பகுப்பாய்வு.

படுவான்கரையில் எங்கள் வயல் இருக்கும் வட்டைக்கு, அதாவது அந்த வயல்வெளித் தொகுதிக்கு, நீர் பாய்ச்சும் பொறுப்பில் இருந்த வட்டவிதானையாருடன் ஒரு காலைப்பொழுதில் நடந்துகொண்டிருந்தேன். வாய்க்காலில் நீர்மட்டம் சரியாக இருந்தது. அதை அவர் பதிவேட்டிலும் எழுதிவிட்டார். ஆனால் நான்கு வயல்களுக்கு அப்பால், ஒரே மூலையில் பத்துப் பன்னிரண்டு கொக்குகள் கூட்டமாக நின்றதைக் கண்டதும் பேச்சை நிறுத்திவிட்டு அந்தப் பக்கம் நடக்கத் தொடங்கினார். அங்கே வரம்பின் அடியில் நண்டு துளைத்த வளை வழியாக நீர் அடுத்த பள்ளத்துக்குள் வடிந்துகொண்டிருந்தது. நீர் வற்றிய மூலையில் சிறுமீன்கள் துள்ளின. கொக்குகள் அவற்றுக்காக வந்திருந்தன. அவர் ஒரு பிடி களிமண்ணை அள்ளி, வைக்கோலோடு பிசைந்து, குதிகாலால் மிதித்து அந்த வளையை அடைத்தார்.

நீர்ப்பாசனப் பதிவேடு எதிலும் ‘கொக்கு’ என்று ஒரு நிரல் இருக்காது. நீர்மட்டத்தை மட்டும் வாசிக்கும் கணினிக்கு அந்தக் காலை, குறையொன்றும் இல்லாத காலையே. கணினிக்கு அறிவு போதாது என்று நான் சொல்லவில்லை; அதனிடம் கொக்கைப் பற்றி யாரும் சொல்லவில்லை என்றே சொல்கிறேன்.

அப்படியானால் மனித மதிப்பீடுதான் மேலானதா?

இல்லை. இதில் உள்ளூர்ப் பெருமைக்காக உண்மையை வளைக்கக் கூடாது. ஒரே வகையான தீர்மானத்தைத் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டியிருக்கும் இடங்களில், எளிய கணக்குச் சூத்திரம்கூட அனுபவசாலிகளின் மதிப்பீட்டுக்கு ஈடுகொடுக்கிறது; பல வேளைகளில் அதை விஞ்சியும் விடுகிறது. அமெரிக்க உளவியலாளர் போல் மீல் 1954ஆம் ஆண்டில், அதுவரை வெளிவந்திருந்த ஏறத்தாழ 20 ஆய்வுகளை ஒப்பிட்டு இதை எடுத்துக்காட்டினார். பின்னர் 2000ஆம் ஆண்டில் 136 ஆய்வுகளைத் திரட்டி வேறொரு குழுவினர் மீண்டும் ஒப்பிட்டபோது, மனித மதிப்பீடு தெளிவாக முன்னிற்பதாகக் காணப்பட்டவை 8 மட்டுமே.

இதற்குக் காரணம் மறைபொருள் அல்ல. காலை எட்டு மணிக்குத் தரும் விடையையே கணினி மாலை நான்கு மணிக்கும் தருகிறது. பசி, உறக்கம், நேற்றுப் பட்ட கசப்பு, எதிரே நிற்பவர் உறவினரா அயலாரா என்பது போன்றவை அதன் கூட்டலையும் பெருக்கலையும் மாற்றுவதில்லை. நாற்பதாயிரம் வரிகளை வாசித்த பின்பும் முதல் வரிக்குக் கொடுத்த கவனத்தையே கடைசி வரிக்கும் கொடுக்கிறது. நம்மில் எவராலும் இது இயலாது.

அவ்வளவு சிறப்பாகக் கணிக்குமென்றால், மனிதர் எங்கே தேவைப்படுகிறார்?

இதற்கும் அந்த மீல் என்பவரே ஓர் உதாரணம் தந்திருக்கிறார். ஒருவர் ஒவ்வொரு கிழமையும் குறிப்பிட்ட இரவில் திரைப்படம் பார்க்கச் செல்வார் என்று பழைய பதிவுகளைக் கொண்டு கணிக்கலாம். ஆனால் அவருக்கு அன்று காலையில் கால் முறிந்துவிட்டது என்பதை அறிந்தவர், அந்தக் கணிப்பை ஒதுக்கிவைத்துவிடுவார். கால் முறிவு அரிதாக நிகழ்வதால் அது சூத்திரத்தில் இடம்பெறுவதில்லை. ஆயினும் நிகழ்ந்த அன்று அதைவிட முக்கியமானது வேறொன்றும் இல்லை.

என் வாழ்வில் இப்படியொரு ‘கால் முறிவை’ நான் கணினித் திரையில் தேடி இரண்டு மாலைப்பொழுதுகளை இழந்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அலுவலகம், குளம் ஒன்றின் அருகே பல ஆண்டுகளாக எடுக்கப்பட்ட மழைப் பதிவுகளைப் பகுத்துத் தருமாறு கேட்டது. எக்செல் கோப்பாகத்தான் தரவு வந்தது. வரைபைப் போட்டுப் பார்த்தபோது, மாரி உச்சத்தில் இருந்த ஒரு கிழமையில் தொடர்ந்து மூன்று நாட்களுக்கு மழை 0.0 என்றிருந்தது. அதே நாட்களில் அந்தக் குளம் நிரம்பி வான் பாய்ந்ததை ஊரில் எல்லோரும் அறிவார்கள். மேற்பகுதியில் பெய்த மழை வந்திருக்கலாம், கருவி பழுதாகியிருக்கலாம் என்றெல்லாம் எண்ணி, சூத்திரங்களை மாற்றி மாற்றிப் பார்த்தேன். எதுவும் பொருந்தவில்லை.

இறுதியில், கையால் எழுதப்பட்ட மூலப் பதிவேட்டைக் காட்டும்படி கேட்டேன். ஓரம் கறையான் அரித்த நீலப் புத்தகம். அந்த மூன்று நாட்களுக்கும் எண்களுக்கான கட்டங்கள் வெறுமையாக இருந்தன. பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் சிறிய எழுத்தில், “பாதை மூடி வெள்ளம். போக முடியவில்லை” என்றும், நான்காம் நாளுக்கு நேரே, “போத்தல் நிரம்பி வழிந்திருந்தது” என்றும் எழுதப்பட்டிருந்தது. தட்டச்சு செய்தவர் வெறுமையான கட்டங்களில் பூச்சியத்தை இட்டுவிட்டார். பென்சில் குறிப்புக்கு எக்செலில் நிரல் இல்லை. ஆகவே அந்த ஆண்டின் மிகப் பெரிய மழை, கணக்கில் மழையில்லா நாட்களாகப் பதிந்து, சராசரியையும் கீழே இழுத்திருந்தது.

‘மழை பெய்யவில்லை’ என்பதும் ‘அளக்கவில்லை’ என்பதும் வெவ்வேறு செய்திகள். இவ்விரண்டையும் ஒரே எண்ணால் எழுதிவிட்டால், எத்தனை வலிமையான மென்பொருளாலும் அவற்றை மீண்டும் பிரித்தெடுக்க முடியாது. அந்தப் பென்சில் வரியை எழுதியவரை நான் சந்தித்ததில்லை. அவருடைய கவனத்துக்கு நான் இன்றும் கடன்பட்டிருக்கிறேன்.

மூலப் பதிவேட்டைப் பார்க்க முடியாதபோது என்ன செய்வது?

தரவு எப்படிப் பிறந்தது என்று கேளுங்கள். நம் நாட்டில் மழைமானியைக் காலை 8.30 மணிக்கு வாசிப்பார்கள். திங்கள் இரவு பெய்த மழை செவ்வாய்க் காலையில்தான் அளக்கப்படுகிறது. அதை எந்தத் தேதிக்கு எதிரே எழுதியிருக்கிறார்கள் என்பதை அறியாமல், வெள்ள நாட்களோடு ஒப்பிட்டால், மழைக்கு முன்னரே வெள்ளம் வந்தது போன்ற விந்தையான முடிவு கிடைக்கும். இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு தொலைபேசி அழைப்புப் போதும்.

சராசரியை நம்பலாமா?

நம்பலாம், ஆனால் படம் வரைந்து பார்த்த பிறகு. மட்டக்களப்பின் ஆண்டு மழைவீழ்ச்சி ஏறத்தாழ 1,650 மில்லிமீற்றர். அதை 12 ஆல் வகுத்தால் மாதத்துக்கு 137 மில்லிமீற்றர் என்று வரும். கச்சான் காற்றடிக்கும் ஆனி ஆடி மாதங்களை அறிந்த எவரும், வாடைக்காற்றோடு கொட்டும் கார்த்திகை மார்கழியை அறிந்த எவரும், இந்த 137ஐத் தம் வாழ்நாளில் உணர்ந்திருக்க மாட்டார்கள். எண் சரி, ஆயினும் அது எந்த மாதத்தின் முகத்தையும் காட்டுவதில்லை.

பிரான்சிஸ் அன்ஸ்கம் என்ற புள்ளிவிபரவியலாளர் 1973இல், வேண்டுமென்றே நான்கு தரவுத் தொகுதிகளை உருவாக்கினார். ஒவ்வொன்றிலும் 11 சோடி எண்கள். நான்கிலும் சராசரி ஒன்றே. சோடி எண்களுக்கிடையிலான தொடர்பின் வலிமையைக் காட்டும் இணைவுக் குணகமும் ஏறத்தாழ 0.816 என்று ஒன்றே. பொருத்தும் நேர்கோடும் ஒன்றே. புள்ளிகளை இட்டுப் பார்த்தாலோ, ஒன்று சிதறிய நேர்கோடு, ஒன்று வளைகோடு, மற்றொன்றில் ஒரு புள்ளி மட்டும் விலகி நின்று முழுக் கோட்டையும் சாய்க்கிறது, நான்காவதில் ஒரே ஒரு புள்ளியை எடுத்துவிட்டால் கோடே இல்லை. என் மாணவர்களுக்கு இந்த நான்கையும் சதுரக்கோட்டுத் தாளில் கையால் வரையும்படி சொல்வேன். கணினியில் ஒரு நொடியில் வந்துவிடும் படம்தான்; ஆனால் ஒவ்வொரு புள்ளியாக வைத்துச் செல்லும்போது, விலகிய புள்ளியை வைக்கும் கணத்தில் அவர்களுடைய கை நின்றுவிடுகிறது. அந்தத் தயக்கத்தைப் பார்ப்பதற்காகவே அந்தப் பாடத்தை வைத்திருக்கிறேன்.

செய்மதிப் படமும் ட்ரோனும் இருக்கும்போது வட்டைக்குள் இறங்க வேண்டுமா?

இரண்டும் வேண்டும், அவை பார்ப்பவை வேறு வேறு. இலவசமாகக் கிடைக்கும் சென்ரினல்-2 செய்மதிப் படத்தில் மிக நுண்ணிய ஒரு சதுரம் 10 மீற்றருக்கு 10 மீற்றர். ஓர் ஏக்கர் வயல் அதில் ஏறத்தாழ 40 சதுரங்கள். இலைகள் சிவப்பு ஒளியை உறிஞ்சி, அண்மை அகச்சிவப்பு ஒளியைத் தெறிக்கச் செய்யும் அளவைக் கொண்டு பயிரின் செழிப்பு கணிக்கப்படுகிறது. அம்பாறையின் பரந்த வயல்வெளிகள் முழுவதையும் ஒரே பார்வையில் ஒப்பிட்டு, எந்தப் பகுதி பிந்தி விதைக்கப்பட்டது, எங்கே பயிர் வாடுகிறது என்று காட்டுவதற்கு இதைவிடச் சிறந்த வழி எதுவும் கிடையாது. ஆனால் பெரும்போகத்தில், நமக்கு மிகவும் தேவைப்படும் கிழமைகளில், வானம் முகிலால் மூடிக் கிடக்கும். அப்போது இந்தச் செய்மதி முகிலைத்தான் படமெடுக்கும். முகிலை ஊடுருவும் ராடர் செய்மதியான சென்ரினல்-1, வெள்ளம் பரவிய எல்லையைக் காட்டுவதில் பெரிதும் உதவும். பயிரின் அடித்தண்டில் என்ன இருக்கிறது என்று அதுவும் சொல்லாது.

அடித்தண்டில்தான் அறக்கொட்டியான் இருக்கிறது. கபில நிறத் தத்தியான இந்தப் பூச்சி, நிழலும் ஈரமும் நிறைந்த பயிரின் அடியில் அமர்ந்து சாற்றை உறிஞ்சுகிறது. பயிர் வட்டம் வட்டமாகக் கருகிக் காயும்போது செய்மதியும் ட்ரோனும் அதைத் தெளிவாகக் காட்டும். அந்த நிலையில் அந்த வட்டத்துக்குள் காப்பாற்ற எதுவும் மிஞ்சியிருக்காது. வயலுக்குள் இறங்கும் கமக்காரர், குனிந்து, ஒரு பயிர்க்கற்றையை இடது கையால் சாய்த்து, வலது கையால் அடியில் இரண்டு தட்டுத் தட்டுகிறார். நீரின் மேல் விழும் பூச்சிகளை எண்ணுகிறார். கூடவே எத்தனை சிலந்திகள் விழுந்தன என்றும் பார்க்கிறார். ஏனெனில் சிலந்தி நிறைந்த வயலில் அவசரப்பட்டு மருந்தடித்தால் சிலந்தி செத்து, தத்தி பல மடங்காகப் பெருகிவிடும். இந்த எண்ணிக்கையைப் பத்து இடங்களில் எடுத்துத் தேதியுடன் எழுதிவைத்தால், அது தரவாகிறது. அதன்பின் கணினி, எந்த வட்டையில் எந்தக் கிழமை பெருக்கம் தொடங்குகிறது என்று நமக்குத் திருப்பிச் சொல்லும்.

நம் கண் நம்மை ஏமாற்றாதா?

ஏமாற்றும். 2013இல் வெளியான ஓர் ஆய்வில், சுவாசப்பையின் சீ.ரி. ஸ்கான் படங்களில் சிறு கட்டிகளைத் தேடுமாறு கதிரியல் வைத்திய நிபுணர்கள் 24 பேரிடம் கேட்கப்பட்டது. கடைசிப் படத்தில், வழக்கமான கட்டியைப் போல் 48 மடங்கு பெரிதான ஒரு கொரில்லா உருவம் இடப்பட்டிருந்தது. அவர்களுள் 20 பேர் அதைக் காணவில்லை. காணாதவர்களுள் பெரும்பாலானோரின் கண்கள் அந்த இடத்தின் மீது சென்றதைக் கருவிகள் பதிவு செய்திருந்தன. ஆயினும் மனம் கட்டியை மட்டுமே தேடியது. பயிற்சி பெற்ற கண் என்பது சிலவற்றைக் காணவும், வேறு சிலவற்றைக் காணாதிருக்கவும் பழகிய கண்.

நினைவு இதைவிடவும் மோசமான சாட்சி. ஒவ்வொரு மாரியிலும், “இப்படியொரு மழை முன்னெப்போதும் பெய்ததில்லை” என்று யாராவது சொல்லக் கேட்கிறோம். 1957 வெள்ளத்தைக் கண்டவர்களும், 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கடந்து வந்தவர்களும், 2011 ஜனவரி வெள்ளத்தில் வீட்டை விட்டு வெளியேறியவர்களும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசினால், மூவரும் தத்தம் வெள்ளத்தையே பெரிதென்பார்கள். ஒருவரும் பொய் சொல்பவரல்லர். எழுதிவைத்த எண் இல்லாமல் அந்தப் பேச்சைத் தீர்க்க முடியாது. அந்த வகையில் பதிவேடு மனிதருக்குச் செய்யும் உதவி பெரிது: தன் நினைவோடு தானே வாதிட ஒரு சாட்சியைத் தருகிறது.

அனுபவசாலியின் சொல்லை எப்போது ஏற்கலாம்?

உளவியலாளர்களான டானியல் கானமன், கேரி கிளைன் ஆகிய இருவரும் நெடுங்காலம் எதிரெதிர் அணிகளில் இருந்தவர்கள். ஒருவர் மனித ஊகத்தின் பிழைகளை ஆராய்ந்தவர், மற்றவர் அதன் திறமையை ஆராய்ந்தவர். இருவரும் சேர்ந்து 2009இல் எழுதிய கட்டுரையில் இரண்டு நிபந்தனைகளில் உடன்பட்டார்கள். ஒன்று, அந்தச் சூழலில் ஓர் ஒழுங்கு இருக்க வேண்டும். மற்றது, ஊகித்தவருக்குத் தன் ஊகம் சரியா பிழையா என்பது விரைவில் தெரியவர வேண்டும். அதுவும் பல முறை.

கரைவலை இழுப்பவர் நீரின் நிறத்தைப் பார்த்து ஊகிக்கிறார்; வலை கரைக்கு வந்ததும் விடை தெரிந்துவிடுகிறது. மறுநாளும் அப்படியே. இப்படி முப்பது பருவங்களைக் கடந்தவர், “இன்றைக்குப் போட வேண்டாம்” என்று சொன்னால், காரணத்தை அவரால் விளக்க முடியாவிட்டாலும் நான் செவிகொடுப்பேன். அவரே அடுத்த ஆண்டு இறால் விலை என்னவாகும் என்று சொன்னால், அது எவருடைய ஊகத்தையும் விட மேலானதல்ல. அனுபவம் ஒருவரின் முழு உருவத்துக்கும் அளிக்கப்படும் சான்றிதழ் அல்ல. அது ஒரு குறித்த வேலைக்கு மட்டும் உரியது.

தரவு ஏராளமாக இருந்தால் பிழைகள் தாமாகவே நீங்கிவிடாதா?

தற்செயலான பிழைகள் நீங்கும்; ஒருபக்கச் சாய்வு நீங்காது. இறங்குதுறையில் விற்பனையான மீனை மட்டும் பத்து ஆண்டுகள் எழுதிவந்தாலும், வெறும் வலையுடன் வீடு திரும்பிய தோணி அந்தப் புத்தகத்தில் ஒரு நாளும் ஏறாது. புத்தகம் தடிக்கத் தடிக்க, வாவியில் மீன் குறையவில்லை என்ற தவறான நம்பிக்கையும் தடிக்கும்.

கணினி காரணத்தைக் கண்டறியுமா?

பெரும்பாலும் தொடர்பைக் கண்டறியும். காரணத்தை நாம் கேட்டுப் பெற வேண்டும். 1990களில் அமெரிக்காவில், நியூமோனியா நோயாளர்களுள் யாருக்கு உயிராபத்து அதிகம் என்று கணிக்கக் கணினிக்குப் பழைய நோயாளர் பதிவுகளைக் கொடுத்துக் கற்பித்தார்கள். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆபத்துக் குறைவு என்ற விதியை அது கற்றுக்கொண்டது. பதிவுகளின்படி அது பிழையும் அல்ல: ஆஸ்துமா நோயாளருக்கு நியூமோனியா வந்தால், வைத்தியர்கள் அஞ்சி உடனடியாகத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பினார்கள், அந்தக் கவனிப்பினால் அவர்கள் பிழைத்தார்கள். அந்த விதியை நம்பி அவர்களை வீட்டுக்கு அனுப்பியிருந்தால் நிலைமை தலைகீழாகியிருக்கும். விடுதியில் நாள்தோறும் என்ன நடக்கிறது என்பதை அறிந்தவர்கள் அந்த விதியைப் பார்த்த மாத்திரத்தில் அதில் ஏதோ பிழை இருக்கிறது என்று சொன்னார்கள். விதி கண்ணுக்குத் தெரியும்படி எழுதப்பட்டிருந்ததால்தான் சொல்ல முடிந்தது என்பதையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும். விடையை மட்டும் தந்து வழியைக் காட்டாத கருவிகளை உயிரோடு தொடர்புடைய இடங்களில் நான் ஆதரிக்காததற்கு இதுவே காரணம்.

இதுவரை எவரும் காணாத ஒன்றைக் கணினி காணுமா?

எதைப் புதிது என்று கொள்வது எனச் சொல்லிக்கொடுத்தால் காணும். சொல்லிக்கொடுக்காவிட்டால், புதியது அதற்குப் பிழையாகத் தோன்றும். அந்தாட்டிக்காவுக்கு மேலே ஓசோன் படலம் மெலிந்ததை 1985இல் உலகுக்கு அறிவித்தவர்கள் பிரித்தானியரான ஜோசப் ஃபார்மன், பிரையன் கார்டினர், ஜொனதன் ஷாங்க்லின் ஆகியோர். அந்தாட்டிக்காவில் உள்ள ஹாலி நிலையத்தில் தரையில் நின்று, ஓசோனை அளக்கும் டொப்சன் கருவியால் ஆண்டுதோறும் அளந்த எண்கள் அவர்களிடம் இருந்தன. வசந்த காலத்தில் 300 அலகை ஒட்டியிருந்த அளவு 200 அலகை நோக்கி இறங்கியிருந்தது. அதே காலத்தில் அமெரிக்கச் செய்மதி ஒன்றும் அதே வானத்தை நாள்தோறும் அளந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் 180 அலகுக்குக் கீழ்ப்பட்ட அளவுகளைச் சந்தேகத்துக்குரியவை எனக் குறியிடும்படி அதன் மென்பொருள் எழுதப்பட்டிருந்தது. எண்கள் அழிக்கப்படவில்லை, குறியிடப்பட்டுக் கிடந்தன. அவ்வளவு குறைவாக ஓசோன் இருக்க முடியாது என்பது அந்நாளைய அறிவு. அந்த அறிவையே மென்பொருள் கடைப்பிடித்தது.

இதற்கு எதிர்ப்புறத்தில், 1967இல் கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவியாக இருந்த ஜோசலின் பெல் நாள்தோறும் வானொலித் தொலைநோக்கியிலிருந்து வந்த ஏறத்தாழ 30 மீற்றர் நீளமான பதிவுக் காகிதத்தைக் கண்ணால் வாசித்தார். அதில் அரை அங்குலம்கூட இல்லாத ஒரு கிறுக்கல், தாம் தேடியதைப் போலவும் இல்லை, பூமியிலிருந்து வரும் இடையூறு போலவும் இல்லை என்பது அவருக்கு உறுத்தியது. வானத்தின் அதே பகுதியில் அதை முன்னரும் கண்டதாக நினைவு வந்தது. பழைய சுருள்களை விரித்துத் தேடினார். 1.337 செக்கனுக்கு ஒரு முறை துடித்த அது, பல்சார் என்ற விண்மீன் வகையின் முதற் கண்டுபிடிப்பாயிற்று. ‘பொருந்தாதது’ என்று அவர் ஒரு பெயர் வைத்து எண்ணத் தொடங்கியதே பகுப்பாய்வு. இன்று அந்த வேலையைக் கணினி செய்கிறது. பல்சார்களின் வடிவம் அதற்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டுவிட்டது.

வேறோர் இடத்தில் கிடைத்த அறிவை நம் ஊருக்குப் பயன்படுத்தலாமா?

இந்தக் கேள்வியை நான் இலேசாகக் கடந்துபோக மாட்டேன். 2004 டிசெம்பர் 26 அன்று சுமாத்திராவுக்கு அப்பால் நிலம் அதிர்ந்து ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்துக்குள் கடல் நம் கரையை எடுத்துக்கொண்டது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் இறந்தார்கள். கல்முனையிலும் மருதமுனையிலும் நாவலடியிலும் அந்தக் காலையைப் பற்றி இன்றும் குரலைத் தாழ்த்தியே பேசுகிறார்கள்.

கடல் திடீரென உள்வாங்கினால் ஓட வேண்டும் என்று பின்னர் பாடசாலைகளில் கற்பிக்கப்பட்டது. அது நல்ல அறிவுரை. தாய்லாந்துக் கரையில் அன்று அப்படித்தான் நடந்தது. ஆனால் கடலடியில் நிலம் பிளந்த கோட்டின் கிழக்கே இருந்த தாய்லாந்துக்கு முதலில் அலையின் தாழ்வு சென்றது. மேற்கே இருந்த நமக்கும் இந்தியாவுக்கும் முதலில் ஏற்றமே வந்தது. நம் கிழக்குக் கரையில் நீர் முதலில் உயர்ந்தது, பின்னர் வாங்கியது, அதன்பின் இன்னும் பெரிதாக வந்தது. ஆகவே, உள்வாங்குவதை மட்டுமே அடையாளமாக நினைத்துக் காத்திருக்கும் ஒருவருக்கு முதல் அலையே கடைசி எச்சரிக்கையாகிவிடும். தரவு பிழையில்லை, அது வேறு கரையின் தரவு.

கணினிப் பக்கமும் அன்று தடுமாறியது. நில அதிர்வின் அளவு பற்றிய பசுபிக் சுனாமி எச்சரிக்கை நிலையத்தின் முதற் கணிப்பு 8.0 என்றே இருந்தது. ஏறத்தாழ ஒரு மணித்தியாலத்தின் பின் 8.5 ஆயிற்று, முழுமையான பகுப்பாய்வின் பின்னரே 9.1 என்று அறியப்பட்டது. அத்தனை நீண்ட பிளவின் மெதுவான அதிர்வை, விரைவாகக் கணிக்கும் முறை பிடிக்கவில்லை. இந்து சமுத்திரத்தில் அப்போது எச்சரிக்கை அமைப்பும் இருக்கவில்லை. இன்று இருக்கிறது, அதை நாம் மதிக்க வேண்டும். அதனுடன், கரையில் நிற்கும்போது கடல் வழக்கத்துக்கு மாறாக ஏறினாலும் இறங்கினாலும், எந்த அறிவித்தலுக்கும் காத்திராமல் மேட்டை நோக்கிச் செல்ல வேண்டும்.

செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு அறிந்துகொள்ளலாமே?

கேளுங்கள். சூத்திரம் எழுதவும், நீண்ட அட்டவணையை ஒழுங்குபடுத்தவும், மறந்த ஒரு கோணத்தை நினைவூட்டவும் அது நல்ல துணை. ஆனால் அது எழுதப்பட்டவற்றிலிருந்து கற்றது. நம் வட்டைகளைப் பற்றியும் வாவியைப் பற்றியும் எழுதப்பட்டவை மிகக் குறைவு. எழுதப்படாத இடத்தைப் பற்றிக் கேட்டால், வேறெங்கோ எழுதப்பட்டதைக் கொண்டு அது இட்டு நிரப்பக்கூடும்.

கணினி வசதி இல்லாத மாணவர் எங்கிருந்து தொடங்கலாம்?

ஒரு கொப்பியிலிருந்து. ஒரே இடத்தை, ஒரே நேரத்தில், நாள்தோறும் பாருங்கள்: வீட்டுக் கிணற்றின் நீர்மட்டம் போதும். கயிற்றில் முடிச்சிட்டு அளக்கலாம். தேதி, நேரம், அளவு என்று மூன்று நிரல்களும், நான்காவதாக அகலமான ஒரு நிரலும் இடுங்கள். நான்காவது நிரலில், கண்ணில் பட்ட எதையும் எழுதலாம்: அயல்வீட்டில் நீர் இறைக்கும் இயந்திரம் புதிதாகப் பூட்டப்பட்டது, நீரில் கலங்கல், தவளைகள் இரவு முழுவதும் கத்தின. அளக்கத் தவறிய நாளில் பூச்சியம் இடாமல், ஏன் தவறினீர்கள் என்று எழுதுங்கள். மூன்று மாதங்களின் பின் என்னிடம் கொண்டுவந்தால், கணினியில் ஏற்றும் வேலையை நாம் ஒரு மாலையில் முடித்துவிடலாம். நான்காவது நிரலை எப்படி ஏற்றுவது என்பதற்குத்தான் நேரம் எடுக்கும். அந்த நேரத்தைச் செலவிடுவதே என் தொழிலில் எனக்குப் பிடித்த பகுதி.

நம் வாவியின் பாடும் மீன் எதுவென்று கணினியால் சொல்ல முடியுமா?

இரவில் வாவியின் நீருக்கடியிலிருந்து எழும் இசை போன்ற ஒலியை மீன் பாடுவதாக இங்கே சொல்வார்கள். ஒவ்வொரு வகுப்பிலும் யாராவது இதைக் கேட்கிறார்கள். கேட்காவிட்டால் நானே எழுப்பிவிடுவேன். 1848 செப்டெம்பரில் இங்கு வந்த, அன்றைய இலங்கை அரசின் செயலாளர் எமர்சன் ரெனன்ற், இரவில் தோணியில் வாவிக்குள் சென்று இந்த ஒலியைக் கேட்டு எழுதியிருக்கிறார். கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பை ஈரவிரலால் தேய்க்கும்போது எழும் மெல்லிய அதிர்வு போன்றது என்றும், ஒரே நீண்ட ஒலியாக இல்லாமல் பல சிறு ஒலிகளாகத் தனித்தனியே கேட்டது என்றும், தோணியின் பலகையில் காதை வைத்தபோது ஒலி வலுத்தது என்றும், தோணி நகர்ந்ததும் ஒலி மங்கி வேறோர் இடத்தில் மீண்டும் எழுந்தது என்றும் குறித்திருக்கிறார். அது மீனல்ல, ஊரி என்னும் ஓட்டுயிர் என்று மீனவர்கள் அவரிடம் சொல்லி, ஊரிகளைக் கொண்டுவந்தும் காட்டினார்கள். இடம் மாறினால் ஒலி மாறுகிறது என்ற அந்த ஒரு குறிப்பு, ஒலி வாவி முழுவதும் பரவியிராமல் சில இடங்களில் தங்கியிருக்கிறது என்பதைச் சொல்கிறது. கருவி எதுவும் இல்லாமல் செய்யப்பட்ட பகுப்பாய்வு அது.

இன்று நீருக்கடியில் இறக்கும் ஒலிவாங்கி கொண்டு இரவு முழுவதும் பதிவு செய்யலாம். கணினி அந்த ஒலியை அதிர்வெண் வாரியாகப் பிரித்து, பாலத்தின் இரைச்சலையும் இயந்திரத் தோணியின் இரைச்சலையும் விலக்கி, எந்த மாதத்தில், நிலவின் எந்த நிலையில், எத்தனை மணிக்கு ஒலி மிகுகிறது என்று காட்டும். இதை எந்தக் காதாலும் செய்ய முடியாது. ஆனால் எந்த உயிர் அந்த ஒலியை எழுப்புகிறது என்று சொல்ல, அந்த உயிரின் ஒலி முன்னரே அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே யாராவது நீரிலிருந்து ஊரியையும் மீனையும் எடுத்து, ஒவ்வொன்றாகத் தொட்டியில் இட்டு, அருகில் அமர்ந்து கேட்டு, பெயரிட்டுக் கொடுக்க வேண்டும்.

எங்கே ஒலிவாங்கியை இறக்குவது என்பதற்கும் ஒரு வழி நம்மிடம் இருக்கிறது. கல்லடிப் பாலத்தடியில், கச்சான் ஓய்ந்த நிலவிரவொன்றில், தோணியில் இருப்பவர் துடுப்பின் ஒரு நுனியை நீருக்குள் விட்டு மறுநுனியைக் காதோடு சேர்த்துப் பிடிப்பார். ஒலி வலுக்கும் இடத்தில் பேசாமல் கையை உயர்த்துவார். அந்த இடத்தில் இறக்க வேண்டும்.